யாரும் திறக்காத கோப்புகள்

"இடம் பத்தல மேடம்," என்றார் ததேயு.

இசக்கியம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாம்னா?"

ததேயு பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். டிபன் பாக்ஸ் அளவு. மேலே ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. கடலுக்குப் போகும் படகுகளில் பொருத்துவது. செல்போன் எட்டாத தூரத்தில் வானத்திலிருந்து எச்சரிக்கையை வாங்கி, காற்று வருகிறது, திரும்பு என்று கத்தும். செய்தியை வாங்க மட்டும்தான் அதற்குத் தெரியும். கரைக்கு எதையும் சொல்லாது.

நாகர்கோவிலில் ஒரு மாடியில் ஆறு பேர் சேர்ந்து செய்தது. அந்த ஆறு பேரில் மூத்தவர் ததேயு. ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடமாக நிரல் எழுதுகிறார்.

இசக்கியம்மாளுக்கு முப்பத்தாறு. பூதப்பாண்டியில் சாப்பாட்டு மேசையிலேயே கணினியை வைத்துக்கொண்டு, உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் எழுதி அனுப்பும் கெர்னல் நிரல்களைப் படித்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்பவர். கெர்னல் என்பது கணினியின் அடித்தளம். மற்ற நிரல்களுக்கெல்லாம் இடம் பிரித்துக் கொடுப்பது அது. அதில் கோப்புகள் சம்பந்தப்பட்ட பகுதிக்கு அவர் காவல்.

தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் போய் நிற்க ததேயுவுக்கு மூன்று மாதம் ஆயிற்று. பேருந்தில் வரும்போதே இரண்டு முறை இறங்கிவிடலாமா என்று நினைத்தார்.

"நாலாவது நாள் நின்னுபோகுது," என்றார்.

"ஏன்?"

"அறுபத்துநாலு எம்.பி. மெமரி. வர்ற செய்தியெல்லாம் சேர்ந்து நாலு நாள்ல நிரம்பிடுது. நிரம்பினா கெர்னல் இருக்கறதுலயே பெரிய ப்ரோக்ராமைக் கொல்லும். பெட்டில பெரியது எச்சரிக்கை வாங்கற ப்ரோக்ராம்தான்."

"கூடுதல் மெமரி போடுங்க."

"நானூறு பெட்டி ஏற்கெனவே செஞ்சாச்சு. சில்லு ஒட்டியாச்சு. இனி பிரிக்க முடியாது."

"எங்க போகுது மெமரி?"

ததேயு இதற்காகவே ஒரு தாள் வைத்திருந்தார். நீட்டினார். இசக்கியம்மாள் வாங்கவில்லை. அவரே படித்தார்.

"ஒன்பது எம்.பி. வெறும் கோப்புகளுக்கு. நிஜக் கோப்புகள்கூட இல்ல. கெர்னல் உள்ள என்ன நடக்குதுன்னு எட்டிப் பாக்கற ஜன்னல்கள். எந்த டிஸ்க்லயும் கிடையாது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு, ஒரு அடையாள அட்டை. பெட்டியை ஆன் பண்ணின உடனே எல்லாம் மெமரில வந்து உக்காந்துடுது. அந்த இடம் கிடைச்சா போதும்."

"எத்தனை?"

"பதினோராயிரத்துச் சொச்சம்."

"யாரு கேட்டா?"

"புரியல."

"பதினோராயிரம் ஃபைல். யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. கேட்டா இருக்கணும்ல?"

இசக்கியம்மாள் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு நாள் முழுக்க வாசல்ல நில்லுங்க. எந்த ஃபைலை யாரு திறக்கறான்னு எழுதிட்டு வாங்க."

"நேரம் இல்ல மேடம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இருபத்துமூணு நாள்தான் இருக்கு. போட்டெல்லாம் போயிடும்."

"அப்ப சீக்கிரம் போங்க."

*

ததேயுவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது.

போன ஐப்பசியில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சேசடிமை என்கிற மீனவரின் படகு போயிற்று. ஒன்பது பேர். ததேயுவின் பெட்டி அதில் இருந்தது. நாலாவது நாள் காற்று எச்சரிக்கை வந்தது. பக்கத்துப் படகுகள் வேறு கருவிகளில் கேட்டுத் திரும்பின. சேசடிமையின் படகு திரும்பவில்லை.

இருபத்தாறு மணி நேரம். ஒன்பது வீட்டுக்காரர்களும் கரையில் நின்றார்கள். ததேயுவும் நின்றார். அந்தக் கூட்டத்தில் பெட்டி ஏன் பேசவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். யாரிடமும் சொல்லவில்லை.

படகு வந்தது. மேல்கூரை இல்லை. மரியஅருள் என்கிறவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. மற்றபடி எல்லோரும் வந்தார்கள்.

மறுவாரம் சேசடிமை பெட்டியை ஒரு பழைய கைலியில் சுற்றிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"சாரே, இது உறங்கிப்போவுது," என்றார்.

திட்டவில்லை. பெட்டியை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து ததேயுவால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

*

மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை பெட்டியின் வாசலில் நின்றார். அதாவது, எந்தக் கோப்பு திறக்கப்பட்டாலும் ஒரு வரி அச்சாகும்படி செய்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணிக்கு ஐந்து வரி. மத்தியானம் இரண்டு. அதன்பிறகு அதே ஏழும் திரும்பத் திரும்ப.

"ஏழு," என்றார் இசக்கியம்மாளிடம்.

"மத்ததெல்லாம்?"

"சும்மா இருந்துச்சு."

"எங்க?"

"மெமரில."

"எதுக்கு?"

ததேயுவுக்குக் கோபம் வந்தது. "மேடம், அதெல்லாம் வேண்டாம்னு தூக்கிப் போட முடியாது. பெட்டி கெட்டுப்போனா ரிப்பேர் பாக்கறவன் எதைத் திறப்பான்னு யாருக்குத் தெரியும்? பதினோராயிரத்துல எது வேணும்னாலும் கேப்பான். கேக்கும்போது இல்லேன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இசக்கியம்மாள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். சாரல் மேசைவரை அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஏழு பதிமூணு?"

"என்னது?"

"ஏழு பதிமூணு எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு."

"இவ்வளவு நேரம் அது எங்க இருந்துச்சு?"



இசக்கியம்மாள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். இனி பேச்சு இல்லை என்று அர்த்தம்.

பேருந்தில் அந்தத் தொண்ணூற்றொன்று ததேயுவைக் குடைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடத்தில் பதிமூன்றாம் வாய்பாடு படித்ததில்லை. பத்து ஏழு எழுபது, மூன்று ஏழு இருபத்தொன்று, கூட்டினால் தொண்ணூற்றொன்று. கேட்ட நொடியில் போட்டார். அதற்கு முன் அது எங்கேயும் இல்லை. ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

"வடசேரி, வடசேரி," என்றார் நடத்துநர்.

ததேயு எழுந்திருக்கவில்லை. பதினோராயிரம் கோப்பை வைத்திருக்க வேண்டாம். ஒரு கோப்பு கேட்கப்பட்டால் அதை எப்படிச் செய்வது என்பதை மட்டும் வைத்திருந்தால் போதும். கேட்டவன் வந்ததும் செய்து கொடு. அவன் போனதும் கலைத்துவிடு.

நடத்துநர் வந்து தோளைத் தொட்டபோது பேருந்தில் அவர் மட்டும்தான் இருந்தார்.

*

ஐந்து நாளில் எழுதி முடித்தார்.

ஒன்பது எம்.பி. இருந்த இடத்தில் அரை எம்.பி.கூட இல்லை. அலுவலகத்தில் மற்ற ஐந்து பேரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் கை கொடுத்தார். ததேயு கையைக் கொடுத்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

இரண்டு மணி நேரத்தில் பெட்டி செத்தது.

நிரம்பிச் சாகவில்லை. இடம் நிறைய இருந்தது. திடீரென்று திரை முழுக்க எண்களைக் கக்கிவிட்டு நின்றது.

மறுபடி ஆன் செய்தார். மூன்று மணி நேரம். மறுபடி. நாற்பது நிமிடம்.

"எப்ப சாகும்னே சொல்ல முடியல," என்றார் இசக்கியம்மாளிடம். "முன்னாடி நாலு நாளாவது ஓடுச்சு."

இசக்கியம்மாள் அன்று நல்ல மனநிலையில் இருந்தார் போல. தேநீர் போட்டுக் கொண்டுவந்து ததேயுவின் கையில் கொடுத்தார். தனக்கும் ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டார்.

"கேட்டா செய்றீங்க."

"ஆமா."

"எப்ப கலைக்கிறீங்க?"

"கேட்டவன் மூடினதும்."

இசக்கியம்மாள் தன் தேநீரைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கையை நீட்டி, ததேயு வாயருகே கொண்டுபோயிருந்த தம்ளரைப் பிடுங்கினார். சட்டையில் தேநீர் கொட்டியது.

"மேடம்!"

"என்ன?"

"நான் இன்னும் குடிச்சு முடிக்கல!"

"நான் முடிச்சிட்டேனே."

"நீங்க முடிச்சா? தம்ளர் என் கைல இருக்கு..."

அப்படியே நின்றார். தேநீர் சட்டையில் பரவிக்கொண்டிருந்தது. சூடு தெரியவில்லை.

ஒரே கோப்பை இரண்டு நிரல் திறந்திருக்கும். முதல் நிரல் மூடியதும் அவருடைய நிரல் கோப்பைக் கலைத்துவிடுகிறது. இரண்டாவது நிரல் இல்லாத கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறது.

செருப்பைச் சரியாக மாட்டாமலே படியிறங்கினார்.

*

இந்த முறை தவறு நடக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

கோப்பை யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தனியாக ஒரு பட்டியல் வைத்தார். பட்டியல் கெட்டுப்போனால் என்ன செய்வது? அதைச் சரிபார்க்க இன்னொரு பட்டியல். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு பூட்டு. பூட்டு சிக்கிக்கொண்டால் விடுவிக்க ஒரு கடிகாரம். சாப்பிடும்போது எழுந்து போய் ஒரு வரி சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது நிரலில் ஒரு ஓட்டை தெரிந்தது. வெளியே வந்து செல்போனில் குறித்துக்கொண்டார்.

அவர் மனைவி பிலோமி, "வீட்டுல இருக்கீங்களா இல்லியா?" என்று கேட்டார்.

"இருக்கேன்."

"தெரியல."

தொள்ளாயிரம் வரி ஆயிற்று. பெட்டி ஒன்றரை நாள் ஓடியது. பிறகு செத்தது.

இசக்கியம்மாள் தொள்ளாயிரம் வரியையும் படித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ததேயு எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"ஒரு ஃபைலை எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கன்னு கெர்னலே எண்ணுது. தெரியும்ல?"

"தெரியும்."

"நீங்க எதுக்குத் தனியா எண்றீங்க?"

"அது தப்பா எண்ணிட்டா?"

"இதுவரைக்கும் எண்ணிருக்கா?"

"இதுவரைக்கும் இல்ல. ஆனா..."

"உங்க லிஸ்ட்டும் அதோட எண்ணும் ஒத்துப்போகல. அதான் சாகுது. ரெண்டு பேரு எண்ணினா பெட்டி யாரு சொல்றதைக் கேக்கும்?"

சொல்லிக்கொண்டே இசக்கியம்மாள் வரிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தார். முதல் பட்டியல் போயிற்று. இரண்டாவது பட்டியல். பூட்டு. கடிகாரம். ததேயு பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்து உழைப்பு. ஒவ்வொரு வரியும் எந்தப் பயத்தில் எழுதியது என்று அவருக்கு நினைவிருந்தது.

நூற்று நாற்பது வரி மிஞ்சியது.

"இவ்வளவுதான்."

"இதுல காவலே இல்ல," என்றார் ததேயு. குரல் உயர்ந்தது. "எங்கயாவது தப்பு நடந்துச்சுன்னா? நீங்க பூதப்பாண்டில உக்காந்துட்டு அழிக்கிறீங்க. உங்களுக்கு இது வெறும் ப்ரோக்ராம். நீங்க அந்தக் கரையில நிக்கல."

"நிக்கல."

"ஒன்பது வீட்டுக்காரங்க. இருபத்தாறு மணி நேரம்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய முடியும்? கடலைப் பாத்துட்டே இருந்தேன். கண்ணெடுக்கல."

"பாத்ததாலயா வந்துச்சு?"

ததேயு எழுந்தார். போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

இனி அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று பேருந்தில் நினைத்துக்கொண்டார். ஆனால் அலுவலகத்துக்குப் போனதும் அந்த நூற்று நாற்பது வரியைத்தான் பெட்டியில் ஏற்றினார். வேறு வழி இல்லை. ஒன்பது நாள்தான் மிச்சம்.

பெட்டி சாகவில்லை. ஒரு நாள். இரண்டு நாள். மூன்று.

மூன்றாவது நாள் அவருக்குப் பயம் வந்தது. இவ்வளவு அமைதியாக ஒரு பெட்டி ஓடி அவர் பார்த்ததில்லை.

*

நாலு நாள் மிச்சமிருக்கும்போது நினைவகம் மறுபடி நிரம்பியது.

கோப்புகளுக்கு இந்த முறை ஒன்பது எம்.பி. அல்ல. பதினொன்று.

ததேயு அலைபேசியை எடுத்தார். இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"நீங்க வெட்டினதுதான்," என்றார். "நான் அப்பவே சொன்னேன்."

"வர்றேன்," என்றார் இசக்கியம்மாள்.

முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். தலைக்கவசத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். அலுவலகத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. பெட்டி இருந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"வாசல்ல நின்னு பாத்தீங்களா?"

"எதுக்கு? ஏழு பேருதான் திறப்பாங்க. முன்னாடியே பாத்தாச்சு."

"பாருங்க."

ததேயு அச்சிடும் கட்டளையைத் தட்டினார். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. நிற்கவில்லை. நூறு, ஐந்நூறு, ஆயிரம். பதினோராயிரம் கோப்பும் வரிசையாகத் திறக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட மூடப்படவில்லை.

"யாரோ எல்லாத்தையும் திறந்து பிடிச்சு வச்சிருக்காங்க," என்றார் ததேயு. "வைரஸா? கடவுளே, வெளியிலிருந்து எவனாவது உள்ள..."

"பேரைப் படிங்க."

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் திறந்தது யார் என்று இருந்தது. எல்லா வரியிலும் ஒரே பெயர்.

"படிங்க."

"காவல்," என்றார் ததேயு.

"அது என்ன ப்ரோக்ராம்?"

பின்னால் நின்ற ஐந்து பேரில் ஒருவர் இருமினார்.

"யாரு எழுதினது?"

"நான்."

"எப்ப?"

"முந்தாநாள்."

"எதுக்கு?"

அவருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பெட்டி மூன்று நாள் சத்தமில்லாமல் ஓடியது. கோப்புகள் கண்ணில் படவில்லை. கேட்டால் வரும் என்பது தெரியும், அவரே எழுதியதுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அதனால் நிமிடத்துக்கு ஒரு முறை பதினோராயிரத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு சின்ன நிரல் எழுதினார். ஒவ்வொரு முறையும் திறந்து மூட நேரமாகிறது என்று, திறந்தபடியே பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"எல்லாம் இருக்கான்னு பாக்க," என்றார்.

இசக்கியம்மாள் எழுந்து தலைக்கவசத்தை எடுத்தார்.

"பாத்தா இருக்கும்," என்றார்.

படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்கூட்டர்.

ததேயு நாற்காலியில் உட்கார்ந்தார். நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் அவருடைய கால் ஆடாமல் இருந்ததை முதலில் கவனித்தது அவர் இல்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவர்தான் மற்றவரிடம் கண்ணால் காட்டினார்.

பிறகு அந்த நிரலை அழித்தார். பதினொன்று என்ற எண் மெல்ல இறங்கி அரைக்கும் கீழே போயிற்று.

*

படகுகள் போயின.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மட்டும் நாற்பத்தைந்து பெட்டிகள். சேசடிமையும் ஒன்று வாங்கிப் பொருத்திக்கொண்டார். ததேயு திருகாணியை முடுக்கும்போது அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"உறங்காதுல்லா?" என்று மட்டும் கேட்டார்.

ததேயு தலையாட்டினார். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை.

முதல் நாள் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"மேடம், வேற ஏதாவது பாக்கணுமா?"

"ஒண்ணும் இல்ல."

இரண்டாம் நாள் கூப்பிட்டார்.

"பெட்டிகிட்டருந்து ஒரு தகவலும் வராது. ஓடுதா நின்னுதான்னே தெரியாது."

"ஆமா."

"அப்ப நான் என்னதான் செய்றது?"

"சாப்டீங்களா?"

"இல்ல."

இசக்கியம்மாள் அலைபேசியை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் ததேயு கூப்பிடவில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். பிலோமி நெத்திலி வறுத்திருந்தார். உப்பு கூட என்று ததேயு சொன்னார். பிலோமி நிமிர்ந்து பார்த்தார். அவர் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொல்லிப் பத்து மாதம் ஆகியிருந்தது.

நாலாம் நாள் காலை பத்தரைக்குக் காற்று எச்சரிக்கை வந்தது.

படகுகள் செல்போன் எட்டாத தூரத்தில் இருந்தன. நாலாம் நாள். இந்த முறை பக்கத்துப் படகுகளிலும் ததேயுவின் பெட்டிகள்தான். ஏதாவது ஆனால் ஒன்பது வீட்டோடு நிற்காது.

அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். செய்ய ஒன்றும் இல்லை. திறந்து பார்க்க ஒன்றும் இல்லை. எழுந்தார். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் தேங்காய்ப்பட்டணத்துக்குப் பேருந்து ஏறினார்.

துறைமுகத்தில் பெண்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். சேலைத் தலைப்புகள் காற்றில் படபடத்தன. மரியஅருளின் மனைவியை ததேயு அடையாளம் கண்டுகொண்டார். அவர் இவரைப் பார்த்தார். ததேயு கூட்டத்தின் ஓரமாகப் போய் நின்றார்.

பத்து மணிக்கு ஒரு படகு தெரிந்தது. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. அலைத்தடுப்புக் கற்களைத் தாண்டி ஒன்றன் பின் ஒன்றாகத் துள்ளி உள்ளே வந்தன. பெண்கள் பெயர் சொல்லிக் கூவினார்கள்.

வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

பெட்டி கத்தியதா என்று கேட்க வேண்டும். எத்தனை மணிக்குக் கத்தியது? ஒரு முறையா, பல முறையா? விளக்கு எரிந்ததா? ஐந்து நாளாக அவர் மனதில் கேள்விகள் வரிசையாக நின்றன.

சேசடிமையின் படகு பக்கவாட்டில் வந்து உரசியது. ஒன்பது பேரும் மேல்தட்டில் நின்றார்கள். ததேயு முன்னால் ஓடினார்.

"சேசடிமை..."

"சாரே, நல்லதாப் போச்சு. இதப் பிடியும்!"

ஒரு மீன் கூடை அவர் கைக்கு வந்தது. பனிக்கட்டித் தண்ணீர் மார்பில் வழிந்தது. கனம் தாங்காமல் ஒரு அடி தள்ளாடினார்.

"காத்து வருது! வேகம், வேகம்!"

பின்னால் நின்ற பெண்ணுக்குக் கொடுத்தார். திரும்பினார். அடுத்த கூடை. அதற்கடுத்தது. மரியஅருள் மூன்று விரல் கையால் கூடையின் வளையத்தைக் கோத்து வீசினார். ததேயு பிடித்தார். முதுகு வலித்தது. சட்டை முழுக்கச் செதில். மழையின் முதல் துளிகள் கனமாக விழுந்தன. யாரோ சிரித்தார்கள். யாரோ அவரை நடுவில் நில்லும் என்று தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்தினார்கள். அவர் நின்றார். கூடை வந்தது. கொடுத்தார். கூடை வந்தது.

ஏலக்கூடத்தின் தகரக் கூரைக்கடியில் எல்லோரும் ஓடி ஒதுங்கியபோது மழை சுவராக இறங்கியது. துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் அந்த வெண்மையில் மறைந்தன. சேசடிமை தலையைத் துவட்டிவிட்டுத் துண்டை ததேயுவிடம் நீட்டினார். ததேயு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மரியஅருளின் மனைவி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, "இரும் சாரே," என்றார். உட்கார்ந்தார்.

சட்டைப்பையில் அலைபேசி அடித்தது. இசக்கியம்மாள். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"போட்டு?"

"வந்தாச்சு. எல்லாம் வந்தாச்சு."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"பெட்டி?" என்றார் இசக்கியம்மாள். "என்ன சொன்னாங்க?"

ததேயு சேசடிமையைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார்.

"கேக்க மறந்துட்டேன்," என்றார்.